நெல்லைச் சீமை மழையில் சைக்கிள்: தலை நனையாமல் போய்ச் சேர

ஐப்பசி பிறந்ததும் பலர் சைக்கிளைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். உடம்புக்கு மழைக்கோட்டு இருக்கிறது, கால் நனைந்தால் காய்ந்துவிடும். தலைக்குத்தான் என்ன செய்வதென்று தெரிவதில்லை. "தலை நனைஞ்சா நீர் கோத்துக்கிடும்லா, பஸ்ஸுல போயேன்" என்று வீட்டில் ஆச்சி சொல்வார். நெற்றியில் வழியும் தண்ணீர் கண்ணுக்குள் இறங்கி எதிரே வரும் லாரியை மறைக்கும். வேலையிடத்தில் ஈரத்தலையோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும். இந்த மூன்றுக்கும் அதிகச் செலவில்லாத வழிகள் உண்டு. சைக்கிளைப் புதிதாக எடுத்திருப்பவர்கள் மழைக்காகப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊர் வெக்கையில், ஒரு சொட்டுகூடப் படாதபடி தலையை மூடினால் உள்ளே வேர்த்தே நனையும். அதனால் முதலில் கண்ணைக் காக்க வேண்டும், அடுத்து பிடரியை, அதற்குப் பிறகுதான் உச்சந்தலையை. கண்ணுக்குள் தண்ணீர் போகாமலும் முதுகுக்குள் தண்ணீர் இறங்காமலும் இருந்தால், உச்சியில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் நிம்மதியாக ஓட்டலாம். கடைக்குப் போகும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது

நெல்லைச் சீமைக்கு மூன்று விதமான மழை உண்டு. ஒவ்வொன்றும் தலையை வேறு வேறு விதமாக நனைக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றால சீசன். மேற்கே மலையிடுக்கு வழியாக நுழையும் காற்று தென்காசி, செங்கோட்டை, கடையம் பக்கமெல்லாம் சாரலைக் கொண்டுவந்து தெளிக்கும். அது நெல்லை நகரத்தை எட்டும்போது ஈரம் பெரும்பாலும் தீர்ந்து காற்று மட்டும் மிஞ்சியிருக்கும். அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்வது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் கிழக்கே, கடல் பக்கமிருந்து வரும். மூன்றாவது சித்திரை வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும் இடிமழை. சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் மூன்றில் ஆபத்தானது அதுதான்.

சைக்கிளில் போகிறவருக்கு ஏன் இது முக்கியம்? துளியின் பருமனைப் பொறுத்தே அது விழும் வேகம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தூறல் துளி வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். 5 மில்லிமீட்டர் பெருந்துளி 9 மீட்டர் வேகத்தில் வரும். நீங்கள் சாதாரணமாக மணிக்கு 15 கிலோமீட்டர் மிதித்தால், அது வினாடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது தூறல் இறங்கும் வேகத்தைவிட நீங்கள் முன்னே போகும் வேகம் இரண்டு மடங்கு. தூறல் மேலேயிருந்து விழுவதற்குள் உங்கள் முகம் போய் அதில் மோதிவிடும். பெருமழை அப்படி இல்லை, அது பெரும்பாலும் நேராக உச்சந்தலையில் இறங்கும்.

எனவே சாரலுக்கும் தூறலுக்கும் நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மறைப்பு போதும். அடைமழைக்கு மேலே மூடி வேண்டும். ஆடி மாதத்தில் நெல்லையிலிருந்து ஆலங்குளம் வழியாகத் தென்காசிக்கு மிதிக்கிறவருக்கு எதிர்காற்றின் வேகமும் சேர்ந்துகொள்ளும். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் படுக்கையாகவே முகத்தில் அடிக்கும். அதே ஆள் திரும்பி வரும்போது முகம் காய்ந்திருக்கும், பிடரிதான் நனையும். கார்த்திகையில் இது தலைகீழ்: காலையில் பேட்டையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிறவருக்கு மழை முகத்தில், மாலையில் திரும்பும்போது முதுகில். காற்று எந்தப் பக்கம் என்று வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்று, வேகத்தைக் குறைத்தாலே தூறல் முகத்தில் படுவது குறையும். மழை வந்ததும் அவசரமாக மிதிக்கத் தோன்றும். அது கண்ணுக்கும் கேடு, பிரேக்குக்கும் கேடு.

குடை வேண்டாம்

ஒரு கையில் குடையும் மறு கையில் ஹேண்டில்பாருமாகப் போகிறவர்களை நம் ரோடுகளில் தினம் பார்க்கிறோம். பழகியவர்கள் செய்கிறார்கள் என்று புதியவர்கள் செய்யவே கூடாது. குடை பிடித்தால் ஒரு பிரேக் போய்விடும். நம்மில் பலரிடம் இருப்பது எஃகு ரிம் போட்ட சைக்கிள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளானாலும் சரி, பழைய கம்பி பிரேக் வண்டியானாலும் சரி, நனைந்த எஃகு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். வெயில் நாளில் நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு தூரம் ஓடித்தான் வண்டி நிற்கும். இரண்டு பிரேக்கும் வேண்டியிருக்கிற நேரத்தில் ஒன்றைக் குடைக்குக் கொடுத்துவிட முடியாது.

சுலோச்சன முதலியார் பாலத்தில் மழையோடு போய்ப் பாருங்கள். தாமிரபரணி மேல் மறைப்பு எதுவும் கிடையாது. பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்தால் குடை உங்களை பஸ் போகும் பக்கம் இழுக்கும். பின்னால் கேரியரில் இருக்கிறவர் குடை பிடித்தாலும் இதே கதைதான், இழுபடும்போது ஓட்டுகிறவருக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் இன்னும் மோசம்.

வயலில் வேலை செய்கிறவர்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கொங்காணியாகப் போட்டுக்கொள்வார்கள். குனிந்து நடவு செய்கிறவருக்கும் நடந்து போகிறவருக்கும் அதைவிட நல்ல மழை மறைப்பு இல்லை. சைக்கிளில் அது முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும், காதுப் பக்கம் கண்ணோட்டத்தை அடைக்கும், காற்றில் பறக்கும். வரப்பிலேயே அதைக் கழற்றிக் கேரியரில் வைத்துவிட்டு ஏறுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு தொப்பி

செலவு குறைவு, பலன் அதிகம். முன்பக்கம் மட்டும் நீட்டல் உள்ள, மெல்லிய துணித் தொப்பி. கண்ணைக் காப்பது இந்த நீட்டல்தான்.

கடையில் பார்க்க வேண்டியவை: நீட்டல் இரண்டு மூன்று விரல்கடை இருந்தால் போதும். ரொம்ப நீளமானால் காற்று தூக்கும், மேலே சிக்னலைப் பார்க்கக் கழுத்தை அண்ணாக்க வேண்டும். உள்ளே அட்டை வைத்த நீட்டல் இரண்டு மழையில் ஊறித் தொங்கிவிடும், பிளாஸ்டிக் தகடு வைத்ததாகக் கேளுங்கள். வளைத்து விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். நெற்றிப் பக்கம் கெட்டியான கேன்வாஸ் வைத்துத் தைத்த தொப்பிகள் ஹெல்மெட்டுக்குள் அடங்காது. உச்சியில் பட்டன் இருந்தால் அதைக் கத்தரித்துவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் அது மண்டையில் அழுத்தும், விழுந்தால் அந்த ஒரு புள்ளியில்தான் அடி இறங்கும்.

தொப்பி போட்டபின் ஹெல்மெட்டின் பின்பக்கத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஹெல்மெட் நெற்றியில், புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே உட்கார வேண்டும். தொப்பிக்காக ஹெல்மெட் பின்னால் தள்ளிப்போனால் அந்தத் தொப்பி தடிமன் என்று அர்த்தம். தலையில் துண்டைச் சுற்றி அதன்மேல் ஹெல்மெட் மாட்டுவதும் இதே காரணத்தால் ஆகாது: தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே தடித்த துணி இருந்தால் விழும்போது ஹெல்மெட் நழுவிவிடும்.

மெல்லிய பருத்தித் தொப்பி நனையத்தான் செய்யும். பரவாயில்லை. நனைந்தாலும் நெற்றி வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீரை நீட்டலின் ஓரம் வழியாக முகத்துக்கு வெளியே விடும். தென்காசிச் சாரலுக்கு இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

பழைய குடையிலிருந்து ஹெல்மெட் உறை

சைக்கிள் ஹெல்மெட்டின் காற்றுத் துவாரங்கள் அடைமழையில் ஓடைகளாகிவிடும். அவற்றை மூடும் உறை ஆன்லைனில் கிடைக்கிறது. அவசரத்துக்கு, குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் ஷவர் கேப்பை ஹெல்மெட்டின் மேல் மாட்டி, சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளலாம். ஓரிரு மழைக்குத் தாங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கும் மெல்லிய கேரி பையை இதற்காகத் தேட வேண்டாம். அது காற்றில் படபடவென்று அடித்து ஹாரன் சத்தத்தையும் மறைக்கும்.

ஆனால் நான் எல்லோரிடமும் சொல்வது கம்பி முறிந்து மூலையில் கிடக்கும் குடையைத்தான். குடைத்துணி நீர் ஒட்டாதது, லேசானது, ஏற்கனவே கவிழ்ந்த வடிவத்தில் தைக்கப்பட்டது. ஹெல்மெட்டுக்கு அது கச்சிதமாக உட்காரும். தையல் தெரிந்தால் நீங்களே செய்யலாம், இல்லையென்றால் தெருமுனை டெய்லர் அண்ணாச்சியிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

முதலில் துணியைச் சோதியுங்கள். தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும், ஊறினால் அந்தத் துணி வேண்டாம். கம்பி நுனிகளிலும் நடுவிலும் துணியைப் பிடித்திருக்கும் நூலை பிளேடால் அறுத்தால் துணி முழுதாகக் கையில் வந்துவிடும்.

ஹெல்மெட்டை மேசைமேல் வைத்து, முன் விளிம்பிலிருந்து உச்சி வழியாகப் பின் விளிம்பு வரை டேப்பால் அளவெடுங்கள். பிறகு இடது விளிம்பிலிருந்து வலது விளிம்பு வரை. இரண்டிலும் 10 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கம் மட்டும் இன்னும் ஒரு சாண் விட வேண்டும். அதுதான் பிடரிக்கு வால். குடையின் நடுப்புள்ளி உறையின் உச்சியில் வருமாறு முட்டை வடிவில் சாக்பீஸால் வரைந்து வெட்டுங்கள்.

நடுவில் குடைக்கம்பி போன ஓட்டை இருக்கும். அதே துணியில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வட்டத் துண்டு வைத்துத் தைத்து மூடுங்கள். உச்சியில் இருப்பதால் இந்த ஒரு தையல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து எலாஸ்டிக். ஹெல்மெட்டின் கீழ்விளிம்பைச் சுற்றி அளந்து, அதில் கால்பங்கைக் கழித்த நீளத்துக்கு எலாஸ்டிக் வாங்கி, முன்னும் பக்கங்களிலும் விளிம்பை மடித்து உள்ளே ஓட்டுங்கள். பின்னால் வந்ததும் வாலின் நுனிக்குக் கொண்டுபோகாதீர்கள். வால் தொடங்கும் இடத்தில் குறுக்காக ஒரு பட்டி தைத்து அதற்குள் விடுங்கள். அப்போது வால் சுருங்காமல் தொங்கும். குறுக்குப் பட்டியை ஹெல்மெட்டின் கடைசி வரிசைத் துவாரங்களுக்கு மேலே வருமாறு வைத்தால், அந்தத் துவாரங்கள் வாலின் மறைவில் திறந்தே இருக்கும். உள்வெக்கை அந்த வழியாக வெளியேறும். கடையில் விற்கும் பல உறைகளில் இல்லாத வசதி இது. நம் ஊருக்கு இது இல்லாமல் உறை போட்டால் மூன்றாவது கிலோமீட்டரில் தலை வேர்த்து ஒழுகும்.

தையல் போன இடமெல்லாம் ஊசித்துளைகள். வெள்ளை மெழுகுவர்த்தியை அந்தக் கோடுகளில் அழுத்தித் தேயுங்கள், உள்ளேயும் வெளியேயும். சில மழைக்கு ஒருமுறை மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பூசுவதானால் துணியைத் தனியே விரித்துப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஹெல்மெட்டில் மாட்ட வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் வெள்ளை நுரை தெர்மோகோல் வகை. பெட்ரோல், தின்னர் மாதிரியான கரைப்பான்கள் பட்டால் கரைந்து குழி விழும். பிறகு அந்த ஹெல்மெட் எதற்கும் உதவாது. துவாரங்களில் நேரடியாக டேப் ஒட்டுவதையும் இதனால்தான் நான் சொல்வதில்லை.

கறுப்புத் துணி மங்கலான மாலையில் லாரி டிரைவருக்குத் தெரியாது. மஞ்சளோ சிவப்போ கிடைத்தால் அதையே எடுங்கள். கறுப்புதான் இருக்கிறதென்றால் வாலில் ஒளி திருப்பும் பட்டி ஒன்றைத் தைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஹெல்மெட்டில் மாட்டி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, குழாய்க்குக் கீழே ஐந்து நிமிடம் பிடியுங்கள். தாளில் ஈரப்புள்ளி தெரியும் இடத்தில் இன்னும் மெழுகு தேய்க்க வேண்டும்.

ஹெல்மெட் போடாதவர்களுக்கு

போடுங்கள் என்றுதான் சொல்வேன். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லைதான், ஆனால் மழையில் தார் ரோடு வழுக்கும், குழி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். சிலர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிறார்கள். தலை நனையாது. கனமும் வெக்கையும் அதிகம், கண்ணாடி மூச்சில் மங்கும், மிதிக்கிறவருக்கு அது சீக்கிரமே பாரமாகிவிடும்.

மழைக்கோட்டின் தலைமூடியை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அதில் உள்ள பெரிய குறை, நீங்கள் திரும்பும்போது மூடி கூடவே திரும்பாது. பின்னால் பஸ் வருகிறதா என்று பார்க்க வலப்பக்கம் திரும்பினால் கண்ணுக்கு எதிரே மூடியின் உள்துணிதான் தெரியும். இதைச் சரிசெய்ய மேலே சொன்ன தொப்பியை முதலில் போட்டு, அதன்மேல் மூடியை இழுத்து, மூடியின் விளிம்பை நீட்டலின் இரண்டு ஓரங்களிலும் ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள். பின்தலையில் அகலமான எலாஸ்டிக் பட்டி ஒன்றைச் சுற்றிப் போட்டால் மூடி தலையோடு ஒட்டும். இப்போது தலை திரும்பினால் மூடியும் திரும்பும். கிளம்புவதற்கு முன் வாசலில் நின்றபடி இரு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பாருங்கள். பின்னால் நிற்கிறவர் தெரிந்தால் சரி.

ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் தலைமூடியை ஹெல்மெட்டுக்கு உள்ளேதான் போட வேண்டும், அதுவும் மூடி மெல்லியதாக இருந்தால் மட்டும். ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்துப் போட்டால் காற்று நிரம்பிக் கழுத்தைப் பின்னால் இழுக்கும். தடித்த மூடியென்றால் மடித்துக் காலருக்குள் செருகிவிடுங்கள்.

பிடரி

தலை காய்ந்திருந்தும் முதுகு நனைந்துபோனது எப்படி என்று பலர் கேட்பார்கள். ஹெல்மெட்டிலிருந்து பின்பக்கமாக வழியும் தண்ணீர் காலருக்குள் இறங்கியிருக்கும். ஓட்டுக் கூரையில் மேல்ஓடு கீழ்ஓட்டின்மேல் ஏறி நிற்பதைப்போல, உறையின் வால் மழைக்கோட்டின் காலருக்கு வெளியே விழ வேண்டும். வால் காலருக்குள் போனால் கூரைத்தண்ணீரை வீட்டுக்குள் விட்ட மாதிரிதான்.

கழுத்தில் ஒரு மெல்லிய துண்டு போட்டுக்கொள்வது நல்லது. அதன் நுனி முழுவதும் கோட்டுக்குள் இருக்கட்டும். ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்தாலும் பருத்தித் துணி திரிபோல மழைத்தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோய்விடும்.

நீளமான முடி, முக்காடு, கண்ணாடி

பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இரட்டைச் சடை. உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. சடையைக் கீழேயே விட்டு, மழைக்கோட்டுக்கு உள்ளே முதுகுப் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். ரிப்பனைப் போய்ச் சேர்ந்த பிறகு கட்டிக்கொள்ளலாம். காலையில் எண்ணெய் நிறைய வைத்திருந்தால் மழைத்தண்ணீரோடு வழிந்து கண் எரியும். மழை நாளில் எண்ணெயை இரவிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

முக்காடு போடுகிறவர்கள் உள்ளே தலையோடு ஒட்டிய மெல்லிய தொப்பித் துணி, அதன்மேல் ஹெல்மெட், அதன்மேல் உறை என்று வைத்துக்கொண்டு, காய்ந்த முக்காடு ஒன்றைப் பையில் தனியாக எடுத்துப்போவதே வசதி. துப்பட்டாவாகட்டும், முக்காட்டின் நுனியாகட்டும், தொங்கும் எதுவும் பைதாவுக்கும் செயினுக்கும் எட்டாதபடி செருகியிருக்க வேண்டும். நனைந்த துணி கனத்துக் கீழே தொங்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் விரிந்து பறக்கும் போன்சோ வகை மழைக்கோட்டுக்கும் இதுவே பொருந்தும்.

மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தொப்பியின் நீட்டல் இரட்டை உதவி. கிளம்பும் முன் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைக் கண்ணாடியின் உள்பக்கம் தடவி, மெல்லிய துணியால் தெளியும்வரை துடைத்தால் மூச்சுக்கு மங்குவது குறையும். சிக்னலில் நிற்கும்போதுதான் அதிகம் மங்கும். இரவு மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் ஒவ்வொரு துளியிலும் சிதறி ரோடே தெரியாமல் போகும். அப்படி ஆனால் ஓரமாக நின்று துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காதை மட்டும் எந்த உறையாலும் அடைக்காதீர்கள். மழையில் பின்னால் வருவதை முதலில் சொல்வது காதுதான்.

எப்போது ஒதுங்க வேண்டும்

நம் ஊரில் பெருமழை பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் பெய்யும். அரை மணி நேரம் டீக்கடையில் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சீக்கிரமாகக் கிளம்பியிருந்தால் அந்த அரை மணி உங்கள் கையில் இருக்கும். மழை நின்ற பிறகும் மரத்தடியில் காற்று வீசினால் இன்னொரு மழை கொட்டும், புளியமரச் சாலைகளில் போகிறவர்கள் உறையைக் கழற்ற அவசரப்பட வேண்டாம்.

இடி கேட்டால் தலை நனைகிறதா என்பதை விட்டுவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று வினாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 30 வினாடிக்குள் சத்தம் வந்தால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். ஒற்றைப் பனை, தனிப் புளியமரம், வயல் நடுவே மோட்டார் ரூம் சுவரோரம் எல்லாம் ஆகாது. டயர் ரப்பர் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள், காப்பாற்றாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துக் கிளம்புங்கள். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் தாமினி செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும், போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானிலை அறிவிப்பில் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை. அதி கனமழை என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். முதலாவது அறிவிப்புக்கு நல்ல உறையும் நிதானமும் இருந்தால் போய்வரலாம். இரண்டாவதுக்குச் சைக்கிளை வெளியே எடுக்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும், தாமிரபரணி நெல்லை நகருக்குள் ஏறி ஜங்ஷன் பகுதி மூழ்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால், அது முழங்காலுக்குக் கீழே இருந்தாலும், திரும்பிவிடுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழத்தைச் சைக்கிளை விட்டுப் பார்க்கக் கூடாது.

போய்ச் சேர்ந்த பிறகு

பையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்னத் துண்டு, ஒரு காய்ந்த தொப்பி, ஒரு சீப்பு. இவை இருந்தால் எவ்வளவு நனைந்திருந்தாலும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடலாம். தலையை அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சடையை அவிழ்த்து விரித்துவிட்டுக் காயவையுங்கள். ஈரமாகவே பின்னிக் கட்டினால் நாற்றம் வரும், பொடுகும் பூஞ்சையும் சேரும். சளி வருவது வைரஸால்தான் என்றாலும், ஈரத்தலையோடு ஃபேன் காற்றில் உட்கார்ந்தால் தலைவலிக்கிறவர்கள் நிறையப் பேர். ஆச்சி சொல்வதில் அந்த அனுபவம் இருக்கிறது. தலை காயும்வரை ஃபேனுக்கு நேர்கீழே உட்காராதீர்கள்.

உறையைக் கழற்றி உதறி, உள்பக்கம் வெளியே வருமாறு தொங்கவிடுங்கள். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டைகள் பெரும்பாலும் பிரித்தெடுக்கக்கூடியவை. எடுத்துப் பிழிந்து, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். ஹெல்மெட்டை நிழலில், காற்றோட்டத்தில் கவிழ்த்து வையுங்கள். அடுப்பு மேடைக்குப் பக்கத்திலோ மூடிய கார் கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்தால் சூட்டில் உள்நுரை கெடும். அடைமழை நாள்களில் தொப்பி ஒரே இரவில் காயாது என்பதால் இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.